ரெய்மோண்டின் ‘குடியானவர்கள்’: மண்ணைப் போற்றும் நாவலா, ஊரை விசாரிக்கும் நாவலா?

போலந்து எழுத்தாளர் விளாடிஸ்லாவ் ரெய்மோண்ட் (1867–1925) எழுதிய ‘குடியானவர்கள்’ நான்கு பாகங்கள் கொண்ட பெரிய நாவல். இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம், கோடை என ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பருவத்தின் பெயர் இடப்பட்டுள்ளது. 1904 முதல் 1909 வரை இது நூல்வடிவில் வெளிவந்தது. 1924ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு, இந்நாவலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டே ரெய்மோண்டுக்கு வழங்கப்பட்டது. போலந்தில் இது பள்ளிப் பாடமாகவும் இருந்து வருகிறது.

மண்ணோடு ஒன்றிய வாழ்க்கை, பருவங்களின் ஒழுங்கு, திருவிழாக்களின் அழகு ஆகியவற்றுக்காகவே இந்நாவல் வழக்கமாகப் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு பொய்யன்று. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாவலின் முடிவு விளங்காது. முடிவில் அதே ஊர் ஓர் இளம்பெண்ணைக் கட்டி, எரு வண்டியில் ஏற்றி, ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறது. அறுவடைக்குக் கூடிய கைகளும் அவளைக் கட்டிய கைகளும் ஒன்றே. இவ்விரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

காலமும் களமும்

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று பிரிவினைகளால் போலந்து ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளுக்கும் பங்காகிப் போனது. 1918 வரை அது தனி நாடாக இல்லை. நாவல் நடக்கும் லிப்சே என்னும் ஊர் ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த பகுதியில் உள்ளது. இது கற்பனை ஊர் அன்று. ஆசிரியரின் பெயரையும் சேர்த்து இன்று லிப்சே ரெய்மோண்டோவ்ஸ்கியே என்று வழங்குகிறது. ரெய்மோண்ட் இளமையில் வார்சா–வியன்னா இருப்புப்பாதையில் சிறு பணியாளராக இருந்தபோது இப்பகுதி மக்களோடு பழகியவர். மாதாகோயிலில் ஆர்கன் இசைப்பவரின் மகன், தையல் பயின்றார், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் நடித்தார். 1900இல் ஒரு ரயில் விபத்தில் காயமடைந்து பெற்ற இழப்பீட்டுத் தொகையே அவருக்குக் கவலையின்றி எழுத வழிசெய்தது.

நாவலைப் புரிந்துகொள்ள ஒரு வரலாற்றுச் செய்தி இன்றியமையாதது. 1863இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் பண்ணையார் குடும்பத்தினரே பெரிதும் முன்னின்று நடத்தினர். குடியானவர்களை அவர்களிடமிருந்து பிரிப்பதற்காக, 1864இல் ஜார் மன்னர் உழுதவர்க்கே நிலத்தை உரிமையாக்கி ஆணையிட்டார். அந்த ஆணை இரண்டு சிக்கல்களைத் தீர்க்காமல் விட்டது. கூலிகளும் பண்ணையாட்களுமாகிய நிலமற்றோர் பெரும்பாலும் நிலமற்றோராகவே இருந்தனர். பண்ணைக் காட்டில் விறகெடுக்கவும் மாடு மேய்க்கவும் ஊராருக்கு இருந்த பழைய உரிமை, வழக்காகவே நீடித்தது. நாவலின் பெரிய மோதல்கள் யாவும் இந்த இரண்டு இடங்களிலிருந்தே பிறக்கின்றன.

கதைச் சுருக்கம்

மச்சேய் போரினா 58 வயதான பெருவிவசாயி; இரண்டாம் மனைவியையும் இழந்தவர். மூத்த மகன் ஆன்டெக்கும் மருமகள் ஹாங்காவும் அவர் வீட்டிலேயே உழைக்கின்றனர். ஆனால் நிலத்தைப் பிரித்துத் தர அவர் இசையவில்லை. டொமினிகோவா என்னும் விதவையின் மகளான அழகி யாக்னாவை மணக்க விரும்பி, அவள் பெயருக்கு 6 மோர்க் நிலத்தை எழுதிவைக்கிறார். மோர்க் என்பது அந்நாளைய நில அளவை. 6 மோர்க் ஏறத்தாழ 8 ஏக்கர். ஆன்டெக்குக்கும் யாக்னாவுக்கும் ஏற்கெனவே உறவு இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் சண்டை மூண்டு, ஆன்டெக்கும் ஹாங்காவும் பிள்ளைகளோடு வெளியேற்றப்படுகின்றனர்.

பண்ணையார் காட்டை விற்றுவிட, மரம் வெட்டுவதைத் தடுக்க ஊர் திரள்கிறது. அந்தக் கைகலப்பில் போரினாவின் மண்டை உடைகிறது. தந்தையைத் தாக்கிய காவலனை ஆன்டெக் கொல்கிறான். ஆண்கள் சிறைக்குப் போக, உழவு வேலை பெண்கள் தலையில் விழுகிறது. போரினா இறந்தபின் ஹாங்கா வீட்டின் தலைவியாகிறாள். யாக்னா வெளியேற்றப்படுகிறாள், பிறகு ஊரை விட்டே துரத்தப்படுகிறாள்.

பருவங்களின் வட்டம்

ரெய்மோண்டின் கலை வலிமை பருவ அமைப்பில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு தோண்டுதல், ஒரே வீட்டில் கூடி முட்டைக்கோஸ் அரிதல், இறந்தோர் நினைவு நாள், குளிர்காலத்தில் நூல் நூற்கும் மாலைகள், கிறிஸ்துமஸ் முன்னிரவில் புனித அப்பத்தைப் பகிர்தல், அன்று நள்ளிரவில் மாடுகள் பேசும் என்ற நம்பிக்கை, வசந்தத்தில் உழவும் ஈஸ்டரும், கோடையில் அறுவடை. ஓர் ஊரின் ஆண்டு முழுவதையும் இத்தனை நிறைவாகத் தந்த நாவல்கள் குறைவு.

போரினாவின் மரணக் காட்சி இந்த அமைப்பின் உச்சம். நினைவிழந்து படுக்கையில் கிடந்தவர் ஓரிரவு எழுந்து வயலுக்குப் போகிறார். சட்டையின் மடியில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, விதைப்பதுபோல் அந்த மண்ணையே மண்ணில் தூவி நடந்து, அங்கேயே விழுந்து இறக்கிறார். படித்தவர் மறக்க முடியாத காட்சி இது.

ஆனால் வட்டத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. இலை உதிர்வதுபோல் மனிதர் வீழ்வதும் இயற்கை, மழை பெய்வதுபோல் தண்டனை வருவதும் இயற்கை என்ற எண்ணத்தை அது வாசகருக்கு ஊட்டிவிடுகிறது. அப்படிப் படித்தால், மனிதர் செய்த தேர்வுகள் எல்லாம் தட்பவெப்பமாகத் தெரியும். யாக்னாவை வண்டியில் ஏற்றியது கோடைகாலம் அன்று. பெயரும் முகமும் உள்ள அண்டை வீட்டார்.

நிலமே அளவுகோல்

பருவங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, யாருக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டுக்கொண்டே படித்தால் நாவல் வேறு முகம் காட்டுகிறது. தொடக்கக் காட்சியிலேயே அகாதா என்னும் ஏழை மூதாட்டி, குளிர்காலத்தில் உறவினர் வீட்டுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று பிச்சையெடுக்க ஊரைவிட்டுப் புறப்படுகிறாள். வசந்தத்தில் திரும்பி வரும்போது, தன் இறுதிச் சடங்குக்கென்று காசு சேர்த்து வைத்திருக்கிறாள். சொந்த ஊரில் மரியாதையோடு இறப்பதே அவளுடைய ஒரே ஆசை. வாழ இடம் தராத ஊர், சாகும் இடத்தை மட்டும் விலைக்குத் தருகிறது.

கூபா போரினாவின் பண்ணையாள். 1863 கிளர்ச்சியில் போரிட்டவன். பண்ணைக் காட்டில் வேட்டையாடப் போய்க் காலில் குண்டடிபடுகிறான். மருத்துவமனைக்குப் போக அஞ்சி, அழுகிய காலைத் தானே கோடரியால் வெட்டிக்கொள்கிறான். வீட்டில் போரினா–யாக்னா திருமண இசை முழங்கும்போது, அவன் குதிரைக் கொட்டிலில் தனியே இறக்கிறான். ரெய்மோண்ட் இங்கே எதையும் விளக்கவில்லை. ஆட்டத்தையும் சாவையும் அடுத்தடுத்து வைக்கிறார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

நிலம் வைத்திருப்பவருக்கும் அச்சம் உண்டு. ஹாங்காவின் தந்தை பிலிட்சா தன் சொத்தை இன்னொரு மகளுக்குக் கொடுத்துவிட்டுச் சொந்த வீட்டிலேயே வேண்டாதவராக இருக்கிறார். போரினா நிலத்தைப் பிரிக்க மறுப்பதற்கும் இதுவே காரணம். அவர் கருமி மட்டும் அல்லர். நிலத்தை விட்ட முதியவர் என்ன ஆவார் என்பதைக் கண்ணெதிரே கண்டவர்.

யாக்னா: ஆசிரியரின் தடுமாற்றம்

இந்தக் கணக்கில் சேராதவள் யாக்னா ஒருத்தியே. அந்த 6 மோர்க் நிலம் அவள் கேட்டதன்று; தாய் பேசி வாங்கியது. போரினாவின் மரணத்துக்குப்பின் ஹாங்கா அவளை வெளியேற்றும்போது, நிலப் பத்திரத்தை அவளிடமே வீசிவிட்டுப் போகிறாள். லிப்சேயில் நிலத்தைத் தானாக வேண்டாமென்று எறிந்தவள் அவள்தான். ஊர் அவளைக் குற்றவாளியாக்கும்போது ஆடவர் தொடர்பையே வெளிப்படையாகச் சொல்கிறது. ஊர்த்தலைவர் பொதுப்பணத்தைக் கையாடிய பழியும் அவள்மேல் விழுகிறது. குருத்துவம் படிக்கும் மகனை மயக்கினாள் என்று ஆர்கன் இசைப்பவரின் மனைவி தூண்டிவிடுகிறாள். அதே உறவில் பங்குகொண்ட ஆன்டெக்கோ வீடும் நிலமும் உள்ள குடியானவனாகத் திரும்புகிறான். ஊரோடு வாழ்பவன் ஊரோடுதான் நிற்கவேண்டும் என்பதுபோல் பேசி ஒதுங்கிக்கொள்கிறான். குற்றம் ஒன்று, தண்டனை ஒருத்திக்கு. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நிலம் தீர்மானிக்கிறது; அதோடு, அவள் பெண் என்பதும் தீர்மானிக்கிறது.

இவ்வளவு கூர்மையாக ஊரைக் கண்ட ரெய்மோண்ட், யாக்னாவைக் காண்பதில் மட்டும் தடுமாறுகிறார் என்றே சொல்லவேண்டும். அவள் வண்ணத் தாளில் உருவங்கள் வெட்டுவதில் தேர்ந்தவள். ஊரில் கலைஞர் என்று சொல்லத்தக்கவள் அவளே. ஆயினும் அவளுக்குக் கைத்திறனைத் தந்த ஆசிரியர் சொற்களைத் தரவில்லை. அவள் பெரும்பாலும் காற்றால் அசையும் கிளைபோல், தன்னை அறியாத ஆசையால் இழுபடுபவளாகவே வருகிறாள். ஹாங்காவின் மனத்துக்குள் நாம் புகமுடிகிறது: அவள் பசி, மானம், கணக்கு, பிடிவாதம் எல்லாம் தெரிகின்றன. யாக்னாவை மட்டும் வெளியிலிருந்தே பார்க்கிறோம். ஊர் அவளைப் பேசவிடவில்லை. ஆசிரியரும் போதுமான அளவு பேசவிடவில்லை. இது நாவலின் உண்மையான குறை.

ஊரின் கண்ணும் மொழியும்

மற்றொரு குறையும் இதனோடு தொடர்புடையது. கதை கூறும் குரலே வட்டார வழக்கைத் தழுவியது. இயற்கையை அலங்காரமாக வருணிப்பவர், ஊர்க்கதை சொல்பவர், நடப்பைப் பதிவு செய்பவர் என மூன்று கதைசொல்லிகளை இந்நாவலில் அடையாளம் கண்டார் போலந்துத் திறனாய்வாளர் கஷிமியெஷ் விகா. ஊர்க்கதை சொல்பவரின் குரல் நம்மை ஊருக்குள் அழைத்துச் செல்கிறது. ஆனால் ஊர் வெறுப்பவர்களை நாமும் ஊரின் கண்ணாலேயே காணவேண்டியிருக்கிறது. யூதர்களும் நிலம் வாங்க வரும் ஜெர்மானியர்களும் பெரும்பாலும் அயலாராக, ஐயத்துக்கு உரியவர்களாகவே வருகின்றனர். இன்று படிக்கும் மாணவர் இதை ஆசிரியரின் நுட்பம் என்று மூடிமறைக்கத் தேவையில்லை.

ஊரின் ஒற்றுமைக்கு நல்ல பக்கமும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஆண்கள் சிறையில் இருந்தபோது பக்கத்து ஊரார் ஏர் பூட்டி வந்து லிப்சே நிலங்களை உழுது தருகின்றனர். ரோகோ என்னும் முதியவர் பிள்ளைகளுக்குப் போலிய எழுத்தைக் கற்பித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார். காவலர் தேடும்போது ஊர் அவரைக் காக்கிறது. ரஷ்ய மொழிப் பள்ளிக்குப் பணம் தர ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பு எழுகிறது. நாடில்லாத மக்களுக்கு ஊரே நாடாக இருந்தது. ரோகோவை ஒளித்துவைத்த ஒற்றுமையே யாக்னாவைத் துரத்திய ஒற்றுமையும் ஆகும். நாவலின் கசப்பான உண்மை இதுதான்.

திரைவடிவம்

2023இல் டொரோதா கோபியெலா வெல்ச்மன், ஹியூ வெல்ச்மன் இருவரும் இந்நாவலைத் திரைப்படமாக்கினர். வான்கோ பற்றி 2017இல் வந்த ‘லவ்விங் வின்சென்ட்’ படத்தைப் போலவே, நடிகர்களைப் படம்பிடித்து, பின் அக்காட்சிகளை எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டி உருவாக்கிய படம் இது. யாக்னாவை நடுவில் நிறுத்தியது அதன் சிறப்பு. மேலே சொன்ன குறைக்கு நூறாண்டு கழித்து வந்த ஒரு திருத்தம் என்று அதைக் கொள்ளலாம். ஆனால் அகாதா, கூபா போன்ற நிலமற்றோரின் கதைக்கு அந்த அளவு இடம் அதில் இல்லை. ஒருத்தியின் துயரம் பெரிதாகத் தெரியும்போது, அத்துயரத்தை உண்டாக்கும் நிலக்கணக்கு சிறிதாகிவிடுகிறது. படம் பார்த்தவர்கள் நாவலையும் படிக்கவேண்டியதன் தேவை இங்குதான் இருக்கிறது.

மதிப்பீடு

‘குடியானவர்கள்’ கிராமத்தைப் போற்றும் நூலா, விசாரிக்கும் நூலா என்று கேட்டால், போற்றத் தொடங்கி விசாரணையில் முடிந்த நூல் என்று விடை சொல்லலாம். ஊரின் உழைப்பையும் வழிபாட்டையும் ரெய்மோண்ட் மனமார நேசித்தார். ஆயினும் எரு வண்டியை மறைக்கவில்லை. அதற்கு ஆறுதலான முடிவு எதையும் ஒட்டவைக்கவுமில்லை. யாக்னாவுக்குச் சொற்கள் தராத குறையையும் மீறி இந்த நேர்மை நாவலைக் காக்கிறது.

மாணவர்கள் இந்நாவலைப் படிக்கும்போது பருவ வருணனைகளோடு மூன்று பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது: பிச்சைக்குப் போன அகாதா, கொட்டிலில் இறந்த கூபா, எல்லையில் தள்ளப்பட்ட யாக்னா. இம்மூவரும் போனபின்னும் லிப்சேயில் உழவு நடக்கும், மணி ஒலிக்கும், அடுத்த பருவம் வரும். எதுவும் நடவாததுபோல் அது வருவதைக் கண்டு மகிழ்வதா அஞ்சுவதா என்பதை வாசகர் தாமே முடிவு செய்யவேண்டும்.