அச்சின் உள்முகம்

ரெசின் நகையை வாங்குபவர் முதலில் பார்ப்பது அதற்குள் உறைந்திருக்கும் பூவையும் நிறத்தையும். செய்பவரோ ரெசின் எந்தக் கம்பெனியுடையது, நாளாவட்டத்தில் மஞ்சளாகுமா என்றுதான் அதிகம் விசாரிக்கிறார். இரண்டு பேருடைய கவனத்திலிருந்தும் தப்பிவிடுவது அச்சு. படத்தில் வடிவம் பிடித்திருந்து, விலையும் கட்டுப்படியானால் வாங்கிவிடுகிறோம். ஆனால் முடிந்த பொருளின் பளபளப்பு, விளிம்பு, கனம், அளவு எல்லாம் ரெசினை ஊற்றுவதற்கு முன்பே அச்சில் முடிவாகிவிடுகின்றன. வடிவத்தை மட்டும் பார்த்து அச்சு வாங்கும் பழக்கம் இந்தக் கைவினையை வளரவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்காக ஆயத்த அச்சைக் குறைத்துப் பேச முடியாது. சிலிக்கோன் அச்சில் எபாக்ஸி ரெசின் ஒட்டாது. எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டியதில்லை. இறுகிய பொருளை அச்சை வளைத்தே வெளியே எடுத்துவிடலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்பது பழைய முறையைப் பார்த்தால் விளங்கும். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் கேட்டலின் என்ற வார்ப்புப் பிசின் சந்தைக்கு வந்தது. பேக்கலைட்டின் நெருங்கிய உறவு. ஆனால் பளிச்சென்ற நிறங்கள் கொண்டது. எஃகு உருவை உருகிய ஈயத்தில் முக்கியெடுத்து, அதன்மேல் படிந்த ஈய ஓட்டையே அச்சாகப் பயன்படுத்தினார்கள். ஊற்றிய பிசின் சூளையில் நாள்கணக்கில் கிடந்து இறுகும். வெளியே வருவது நகை அல்ல. குழாய், தண்டு, பலகை. குழாயை வளையல் வளையலாக நறுக்கி, கடைந்து, பூ செதுக்கி, மெருகேற்றியது ஆள் கை. அன்றைய அச்சு மூலப்பொருளை மட்டும் தந்தது. இன்றைய அச்சு முடிந்த பொருளையே தந்துவிடுகிறது.

ஆயத்த அச்சில் வார்ப்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ரெசின் வேலை செய்பவர்களில் பலர் வீட்டின் ஒரு மூலையில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் மேசை போட்டுச் செய்பவர்கள். இறுகிய ரெசினை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. உள்முகம் கண்ணாடிபோல் இருக்கும் அச்சில் வார்த்தால் தேய்க்கும் வேலையே பெரும்பாலும் மிச்சம். நல்ல அச்சுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரிய பலன் இதுதான். விற்பவர்கள் இதைச் சொல்லி விற்பதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

உள்முகம் எப்படியோ, பொருளின் முகமும் அப்படியே. மங்கலான அச்சில் எவ்வளவு தெளிவான ரெசினை ஊற்றினாலும் பனி படர்ந்ததுபோலத்தான் வரும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாக்கிய மூல உருவிலிருந்து எடுத்த அச்சு என்றால், அந்த இயந்திரம் அடுக்கடுக்காக விட்ட கோடுகளும் கூடவே வரும். அச்சை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கும்போது அந்த வாய்ப்பு இல்லை. நல்ல பளபளப்பும் நிலையானதல்ல. எபாக்ஸியின் ஹார்டனரில் உள்ள அமீன்களும் இறுகும்போது எழும் சூடும் ஒவ்வொரு வார்ப்பிலும் சிலிக்கோனின் தோலைச் சிறிது சிறிதாகத் தின்கின்றன. அச்சு நிரந்தரச் சொத்து அல்ல, தேயும் பொருள். தேய்மானத்தை விலையில் சேர்க்காமல் கீசெயின் விற்பவர், இரண்டாவது அச்சு வாங்கும்போதுதான் கணக்கு உதைப்பதை உணர்கிறார்.

சுவரின் தடிமனைப் பலரும் கவனிப்பதில்லை. மெல்லிய சுவர் கொண்ட சதுர அச்சு ரெசினின் கனத்தில் வெளிப்பக்கம் புடைத்துக்கொள்ளும்; கோஸ்டரின் ஓரம் நேர்க்கோடாக வராது. சிலிக்கோனின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். அச்சுக்குப் பயன்படுவது பெரும்பாலும் 10 முதல் 40 வரை. குடைவும் நெளிவும் உள்ள உருவத்துக்கு மென்மையானது வேண்டும், இல்லாவிட்டால் பொருளை எடுக்கும்போது கிழியும். தட்டையான, நேர்விளிம்புப் பொருளுக்குக் கடினமானதே நல்லது. விற்பனைப் பக்கங்களில் இந்த ஒரு எண்ணைப் போட்டிருந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

நகை என்று வரும்போது கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் இரண்டு-நாலு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு என்று கேட்கிறோம். இரண்டு அங்குலமும் அதற்குமேல் பதினாறில் எத்தனை பாகம் என்பதும்தான் அந்தக் கணக்கு. உள்விட்டம் முறையே ஏறத்தாழ 57, 60, 63.5 மில்லிமீட்டர். இறக்குமதியாகும் அச்சுகள் பலவற்றில் குறித்திருப்பது வெளிவிட்டம், அல்லது அச்சின் மொத்த அகலம். ரெசின் வளையல் ரப்பர் வளையல்போல வளைந்து கொடுக்காது. மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் கைக்குள் நுழையாது. உள்விட்டம் எழுதாத வளையல் அச்சை வாங்கக்கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன்.

காதணிக்குக் கனம்தான் பிரச்சினை. இறுகிய எபாக்ஸி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.1 கிராம். 4 சென்டிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள வட்ட அச்சை நிரப்பினால் ஒரு காதுக்கு ஏறக்குறைய 7 கிராம். அதே வட்டத்தை 2 மில்லிமீட்டர் மட்டும் நிரப்பினால் 3 கிராமுக்கும் குறைவு. அதற்காக ஆழமான அச்சில் பாதி ஊற்றினால், ரெசின் சுவரைப் பிடித்து ஏறி ஓரத்தில் கூர்மையான வரம்பு கட்டிவிடும். காது மடலைக் கீறும். தேய்த்தே ஆக வேண்டும். ஆழம் குறைந்த அச்சை விளிம்புவரை நிரப்புவதே சரி. ஓட்டைக்கென்று குச்சி வைத்த அச்சுகளில் முதலில் அறுந்துபோவது அந்தக் குச்சிதான். கைத்துளைப்பானால் பிறகு துளை போடுவது மேல்.

புற ஊதா ஒளியில் இறுகும் யுவி ரெசினுக்கு அச்சு ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். வெள்ளை அச்சில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே விழும். நிறம் கெட்டியாகக் கலந்திருந்தால் அடிப்பக்கம் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

இப்போது பெரிதாக நடப்பது கல்யாண மாலையை ரெசினில் பாதுகாத்துத் தரும் தொழில். இங்கே அச்சுத் தேர்வின் பலவீனம் முழுசாக வெளிப்படுகிறது. தடிமனான கட்டிதான் கம்பீரம் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். செய்பவரும் ஆழமான அச்சாக வாங்குகிறார். 20க்கு 20 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 2 கிலோவுக்கு மேல் ரெசின். சாதாரண ஆர்ட் ரெசினை ஒரே மூச்சில் அவ்வளவு ஊற்றினால் உள்ளே சூடு ஏறி மஞ்சளாகும், வெடிக்கும், அச்சையும் பொசுக்கும். சித்திரை வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். அடுக்கடுக்காக ஊற்றினால் பக்கவாட்டில் கோடு தெரியும். இதழ்களுக்கிடையில் காற்று நிற்கும். மல்லிகை உலர்ந்தாலே பழுப்பாகிவிடும் என்பதால், கனமான கட்டிக்குள் அதை வைத்துப் பெரிதாக்கிக் காட்டுவதில் அழகும் இல்லை. சில இதழ்களை மட்டும் எடுத்து ஆழமில்லாத அச்சில் வார்த்தால் நினைவு குறைந்துவிடாது. பெரிய அச்சு வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு இந்தத் தொழிலில் வளர வேண்டும்.

ஆயத்த அச்சின்மீது எனக்குள்ள பெரிய குறை வேறு. எந்த ஊர்க் கண்காட்சிக்குப் போனாலும் அதே ஆங்கில எழுத்துக் கீசெயின், அதே இதய வடிவக் கிண்ணம், அதே ஒழுங்கற்ற ஓரம் கொண்ட கோஸ்டர். நிறமும் தங்கத்தாளும் மாறுகின்றன. உருவம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ முடிவு செய்தது. வேறுபாடு இல்லாத இடத்தில் போட்டி விலையில் மட்டுமே நடக்கும், கூலி குறைந்துகொண்டே போகும். இதற்கு மாற்று, சொந்தமாக ஓர் அச்சாவது செய்வது.

அதற்கும் தேர்வு உண்டு. வெள்ளீய வினையூக்கியால் இறுகும் சிலிக்கோன் மலிவு, பெரும்பாலான மூல உருக்களோடு ஒத்துப்போகும். ஆனால் நாள்பட நாள்படச் சுருங்கும், சீக்கிரம் நைந்துபோகும். பிளாட்டினத்தால் இறுகுவது விலை கூடியது, அளவு மாறாதது, நீடித்து உழைப்பது. ஆனால் கந்தகம் அதற்கு ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் உருவம் செய்தாலும், லேடெக்ஸ் கையுறை பட்டாலும் அந்த இடம் இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். அழுத்தக்கலத்தில் ரெசின் வார்க்க நினைப்பவர் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் சிலிக்கோனுக்குள் ஒளிந்திருக்கும் குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கி, பொருளின் மேல் பருப்பருவாகப் புடைப்புகள் வரும்.

மூல உருவுக்கு நம் ஊரில் பஞ்சமா? செட்டிநாட்டுக் கொட்டானின் ஓலைப் பின்னல், புளியங்கொட்டை, துணியில் பதிக்கும் பழைய மரக்கட்டை அச்சு என்று எத்தனையோ இருக்கின்றன. மரத்துக்கும் ஓலைக்கும் முதலில் வார்னிஷ் பூசி நுண்துளைகளை அடைக்க வேண்டும். பின்னலின் சந்துகளைப் பின்பக்கத்திலிருந்து மூடாவிட்டால் சிலிக்கோன் உள்ளே புகுந்து கவ்விக்கொள்ளும். பழுதான பழைய அச்சுகளைத் துண்டுகளாக நறுக்கிப் புது அச்சின் வெளிப்புறச் சுவரில் நிரப்பினால் சிலிக்கோன் செலவும் குறையும். உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாத பொருளுக்கு அது ஒன்றே மறுவாழ்வு.

சொந்த அச்சு செய்யத் தெரிந்தவருக்கு ஒரு சபலமும் சேர்ந்தே வரும். அடுத்தவர் வடிவமைத்த பெண்டன்டை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து விற்பது ஒரு மாலை நேர வேலை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்த வடிவங்களுக்குப் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்புத் தருகிறது. வீட்டிலிருந்து செய்பவர்களில் எத்தனை பேருக்குப் பதிவு செய்ய நேரமும் பணமும் இருக்கும்? அச்சு செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளில் சிலிக்கோனைக் கலக்கும் விகிதத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், மூல உரு யாருடையது என்று மாணவரிடம் கேட்க வேண்டும்.