ஓர் இழையில் ஓராண்டு

அறுவடைக்குப் பின் வேதாரண்யம் செல்லும் வழியெங்கும் கிடை போட்ட வயல்களைப் பார்க்கலாம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் செம்மறிகளை நாம் மதிப்பது உரத்துக்காகத்தான். அவற்றின் மேல் இருப்பது குட்டையான முரட்டு மயிர்.

நல்ல கம்பளிக்கு நீலகிரி ஏற வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மெரினோ கலப்பில் உருவான நீலகிரிச் செம்மறியைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காத்து வருகிறார்கள். அதன் மெல்லிய இழையை இழுத்தால், தன் நீளத்தில் கால் பங்கு நீண்ட பிறகே அறும். கெரட்டின் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே கட்டியிருப்பதால் வந்த உறுதி இது. நம் நகமும் ஆட்டின் கொம்பும் அதே சரக்குதான். நனைந்தால் மட்டும் கம்பளி சற்று வலுவிழக்கும்.

என்னை வியக்கவைப்பது அது அறும் இடம். தீவனம் குறைந்த மாதம், காய்ச்சல், குட்டி ஈன்ற அலுப்பு, எல்லாவற்றிலும் மயிர்க்கால் சிக்கனம் பிடிக்கிறது. இழை அங்கே மெலிகிறது. மற்ற இடமெல்லாம் எத்தனை தடித்திருந்தாலும் பயனில்லை, அந்த மெலிந்த இடமே முதலில் விடும். தேர்ந்த கைகள் ஒரு கொத்தை இரு முனையிலும் விறைப்பாகப் பிடித்து, விரலால் சுண்டிக் காதில் கேட்டே இதைக் கண்டுகொள்ளும். நல்ல கொத்து கணீரென்று ஒலிக்கும், நலிந்தது பிய்ந்துவிடும். ஆய்வுக்கூடக் கருவியும் இதைத்தான் எண்ணால் சொல்கிறது.

விவரமறிந்தவர்கள் மயிர் கத்தரிக்கும் காலத்தை அந்த மெலிவை ஒட்டியே வைத்துக்கொள்வார்கள். மெலிவு நுனிக்குப் போய்விடும். நடுப்பகுதி முழு நீளத்தில் நூற்பாலைக்குக் கிடைக்கும்.