சீலோவாமும் மீரியபெத்தையும்

2014 ஒக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிற்று. இத்தகைய சாவுகளைத் தெய்வ தண்டனை என்று கூறி அமைதி கொள்வோர் உளர். அவர்கள் லூக்கா சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்றையோரினும் கொடிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு அங்கே மறுக்கிறார். மனந்திரும்புமாறு அவர் பணிப்பது, கேட்டு நின்ற உயிருள்ளோரையே. மத்தேயு 25-இல் வரும் இறுதித் தீர்ப்போ, பசித்தோருக்கு உணவும் அந்நியருக்கு இடமும் அளித்தீர்களா என்றே விசாரிக்கிறது.

மீரியபெத்தை அபாய நிலமென்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொழிலாளர் அங்கேயே வாழ்ந்தனர். வேறிடம் செல்ல அவர்களுக்குச் சொந்த நிலம் ஏது? வேதநீதியைப் போதிப்போர், மாண்டவரின் பாவத்தை ஆராய்வதை விடுத்து, வாழ்வோருக்குக் காணி கேட்கட்டும் என்கிறோம்.