டிஸ்டிங்க்ட் விழுங்கும் பெட்டிகள்

திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் எல்லோரும் கேட்கும் தாள் ஒன்றுதான். இடப்பக்கம் கலர், மேலே எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ், கட்டத்துக்குள் பீஸ் கணக்கு. டேட்டாபேஸிலோ பேக்கிங்கில் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு பெட்டியும் கலருக்கும் சைஸுக்கும் ஒரு தனி வரியாக விழுகிறது. அந்த வரிகளைக் குறுக்கே திருப்பி அடுக்குவதுதான் பிவட். எஸ்க்யூஎல் சர்வரில் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. சில வரிகளில் வேலை முடிந்துவிடும். அதன் பலமும் குறையும் இந்தச் சுருக்கம்தான்.

கட்டளைக்குள் நாம் பெயர் சொல்லாத பத்திகளை எல்லாம் அது தானாகவே தொகுப்புக்கு எடுத்துக்கொள்கிறது. பெட்டி எண் உள்ளே தங்கிவிட்டால் நேவி கலர் ஒரே வரியில் வராது. பெட்டிக்கு ஒரு வரியாகச் சிதறி, அந்தப் பெட்டியில் உள்ள சைஸில் மட்டும் எண் இருக்க, மற்றக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

இதைப் பார்த்ததும் பலருடைய கை டிஸ்டிங்க்ட்டுக்குப் போகிறது. ஆபத்தான பழக்கம் அது. நேவி எம் சைஸில் 24 பீஸ் கொண்ட பெட்டிகள் இரண்டு இருந்தால், பெட்டி எண் காட்டாத ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே மாதிரி வரிகள். டிஸ்டிங்க்ட் ஒன்றைத் தூக்கிவிடும். 48 பீஸ் 24 ஆகிவிடும். மேக்ஸ் போட்டுச் சுருக்கினாலும் அதே 24தான். தாள் பார்க்கச் சுத்தமாக இருக்கும், தப்பு கண்ணில் படாது. வரி இரட்டித்திருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். குறைந்துபோன பீஸை யார் கேட்பது?

சம் போட்டால் 48 சரியாக வரும். ஆனால் ஒரே பெட்டி இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருந்தால் அதுவே 72 என்று காட்டும். ஆகவே திருப்புவதற்கு முன்பே களையெடுக்க வேண்டும். கலந்த சைஸ் பெட்டிகளும் போவதால் பெட்டி எண் மட்டும் அடையாளமாகாது. ஆர்டர், ஸ்டைல், பெட்டி, கலர், சைஸ் ஐந்தும் சேர்ந்துதான் ஒரு வரியின் அடையாளம். ரோ நம்பர் கொண்டு அந்த ஐந்துக்கும் ஒரே வரியை நிறுத்தி, பிறகு குரூப் பை போட்டு, சம்முக்குள் சைஸுக்கு ஒரு கேஸ் எழுதலாம். குவெரி நீளும்தான். ஆனாலும் எதை வைத்துத் தொகுக்கிறோம் என்பது எழுத்தில் தெரிகிறது என்பதால் நான் இந்த முறைக்கே வாக்களிப்பேன். ஒரே ஃபைல் இருமுறை ஏறிய இடத்தில் டிஸ்டிங்க்ட்டும் நல்ல கருவிதான், பெட்டி எண்ணையும் சேர்த்துப் போட்டால்.

கலர் பெயர் வேறு வகைத் தொல்லை. பையர் ‘நேவி’ என்பதைச் சாயப்பட்டறை ‘நேவி ப்ளூ’ என்று எழுதினால் எந்தக் குரூப் பையும் சேர்த்து வைக்காது. கலருக்குக் கோட் வேண்டும்.

மறு ஸ்கேனில் முதலில் 24, அடுத்து 22 என்று வந்தால் எதை வைப்பது? கோவை சரவணம்பட்டியில் உட்கார்ந்து குவெரி எழுதுபவர் அதை ஊகிக்கக் கூடாது. பேக்கிங் சூப்பர்வைசரிடம் கேட்டு, அந்த விதியை டேபிளிலேயே பூட்டிவிட வேண்டும்.