கிளவுட் ஈ.ஆர்.பி. மென்பொருளின் கொள்ளளவு: போடி ஏலக்காய் வணிகத்தை முன்வைத்து

கிளவுட் ஈ.ஆர்.பி. என்பது ஒரு நிறுவனத்தின் கொள்முதல், சரக்கிருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம், வரி ஆகிய அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, இணையம் வழியாக வாடகைக்குத் தரப்படும் மென்பொருள் ஆகும். கடைக்காரர் சர்வர் வாங்க வேண்டியதில்லை. காப்புப்படி எடுப்பதும் அவர் கவலை இல்லை. வணிகம் வளர வளர மென்பொருளும் கூடவே விரியும் என்பது இதை விற்பவர்கள் முதலில் சொல்லும் சொல். இந்தச் சொல் பாதிதான் உண்மை. கணினியின் நினைவகத்தையும் வட்டையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ஒரே இருப்புப் பதிவேட்டில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டிய நிலையைப் பணம் கொடுத்து முழுவதுமாக நீக்க முடியாது. ஒரு நிறுவனம் எப்போது இந்த வரம்பில் முட்டும் என்பதை ஆள் எண்ணிக்கையோ விற்றுமுதலோ மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலை வந்து சேரும் விதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

ஏல மையமும் ஏலக்காய்க் கடையும்

இடுக்கி மலைத்தோட்டங்களில் விளையும் ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரர்கள் வழியாகப் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் ஏலம் விடப்படுகிறது. குரல் எழுப்பிக் கேட்கும் பழைய முறைக்குப் பதிலாக 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. 2021-இல் இரு மையங்களிலும் உள்ள வணிகர்கள் ஒரே நேரத்தில் விலை கேட்கும்படி கிளவுட் வழி நேரடி ஏலம் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் மாநில எல்லையைத் தாண்டிப் போய்வருவது பெரும்பாடாக இருந்த நிலையில் இது நல்ல பயன் தந்தது.

இதைப் பார்த்தவர்கள், ஏலமே கிளவுடில் ஓடும்போது கடைக் கணக்கு ஓடாதா என்று கேட்பது இயல்பு. இரண்டும் ஒரே வகை வேலை அல்ல. ஏல மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு லாட்டை மட்டும் கையாள்கிறது. விலை கேட்போர் யார், எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரியும். பதிவுகள் மிகச் சிறியவை. லாட் முடிந்துவிட்டால் அந்தப் பதிவைத் திரும்பத் தொட வேண்டிய தேவை அரிது. வேலையின் எல்லை குறுகலாக இருப்பதாலேயே அது விரைவாக நடக்கிறது. ஈ.ஆர்.பி.யோ எல்லா வேலையையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறது. அதன் வலிமையும் அதுதான், தொல்லையும் அதுதான்.

ஒரு கணக்குக்காக, ஏலநாளில் ஒரு கடை 60 லாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கு வந்ததும் சலித்து, 8 மி.மீ.க்கு மேல், 7 முதல் 8 வரை என்று அளவுவாரியாகவும் நிறம் பார்த்தும் பிரிப்பார்கள். ஒரு லாட் ஆறு தரமாகப் பிரிந்தால், வரவு 60, சலிப்புக்குப் போனது 60, பிரிந்து வந்தது 360 என மொத்தம் 480 வரிகள் இருப்பேட்டில் ஏறும். 480 வரி என்பது ஒரு கணினிக்குப் பொருட்டே இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

பின்தேதிப் பதிவு

பெரும்பாலான ஈ.ஆர்.பி.கள் சரக்கின் அடக்க விலையைச் சராசரி முறையிலோ முதலில் வந்தது முதலில் போகும் முறையிலோ கணக்கிடுகின்றன. இரண்டிலும் இன்றைய விலை நேற்றைய பதிவின் மேல் நிற்கிறது. லாரி வாடகைச் சீட்டு நான்கு நாள் கழித்து வந்தால், அதை ஏலத் தேதியிட்டுப் போடுவதுதான் கணக்கருக்குச் சரி. அப்படிப் போட்டவுடன், அந்த லாட்டிலிருந்து பிரிந்த தரங்கள், அவற்றை வேறு லாட்டோடு கலந்த பதிவுகள், அதிலிருந்து விற்ற பில்கள் என்று பின்னால் வந்த எல்லா வரிகளின் மதிப்பையும் மென்பொருள் மறுபடி கணக்கிட வேண்டும். நாளொன்றுக்கு 480 வரி என்றால் நான்கு நாளில் 1,920 வரி, விற்பனை தனி. சலிப்பில் ஏற்படும் எடைக் குறைவும், கிடங்கில் காய்ந்து குறையும் எடையும் கடைசியில்தான் தெரியவரும் என்பதால் ஏலக்காய்க் கடையில் பின்தேதிப் பதிவு விதிவிலக்கு அல்ல, அன்றாடம்.

மறுகணக்கு நடக்கும்போது அந்தச் சரக்கின் பதிவுகள் பூட்டப்பட்டால் பில் போடுபவர் காத்திருப்பார். ஓடூ மென்பொருளின் வழக்கமான அமைப்பில் ஒரு கோரிக்கைக்கு 120 விநாடிதான் அவகாசம். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈ.ஆர்.பி.நெக்ஸ்டிலும் அதே அளவு. அதைத் தாண்டினால் திரையில் பிழைச் செய்தி வரும். பதறிப்போன ஊழியர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். வரிசை இன்னும் நீளும். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இந்த மறுகணக்கைப் பின்னணி வேலையாக மாற்றியிருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வேலை முடியும்வரை முன்னால் தெரியும் அடக்க விலை பழையது. அந்த விலையை நம்பித் தொலைபேசியில் விலை பேசி முடித்த வியாபாரிக்கு லாபமா நட்டமா என்பது அடுத்த நாள்தான் தெரியும்.

பில் எண்ணும் இதே வகைச் சிக்கலே. ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி விலைப்பட்டியல் எண் தொடர்ச்சியாகவும் 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அடுத்த எண்ணைத் தரும் எண்ணி ஒன்றுதான் என்றால், எத்தனை கணினி சேர்த்தாலும் பில்கள் ஒற்றை வரிசையில்தான் நகரும். கிடங்குக்கு ஒன்று, விற்பனைப் பிரிவுக்கு ஒன்று எனத் தனித்தனி எண் வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. செலவில்லாத இந்தத் தீர்வை விட்டுவிட்டு உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொல்வது விற்பவருக்கு எளிது.

பயனர் எண்ணிக்கையில் விலை, பதிவு எண்ணிக்கையில் சுமை

பல கிளவுட் ஈ.ஆர்.பி.களில் வாடகை பயனர் தலைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் கடை சிறிய கடை என்ற கருத்து அந்த விலைப்பட்டியலில் ஒளிந்திருக்கிறது. சட்டம் அப்படிக் கருதுவதில்லை. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. ஏலக்காய் கிலோ 2,000 ரூபாய் என்று கொண்டால் 5 கோடி என்பது ஆண்டுக்கு 25 டன். அதே விலையில் 25 கிலோ சரக்கு 50,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் வெளிமாநிலம் போனால் இ-வே பில் வேண்டும். ஆக எட்டுப் பேர் கடையின் ஒவ்வொரு பில்லும் ஈ.ஆர்.பி.யிலிருந்து அரசின் சர்வருக்குப் போய், எண் பெற்றுத் திரும்ப வேண்டும். மாலையில் லாரி கிளம்பும் ஒரு மணி நேரத்தில்தான் இவை எல்லாம் குவியும்.

அரசின் பக்கமும் வரம்பு உண்டு. நாடு முழுவதும் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய இ-வே பில் தளம் முதல் நாளே சுமை தாங்காமல் நின்று, கட்டாய நடைமுறை தள்ளிவைக்கப்பட்டது. வெளிமாநிலச் சரக்குக்கு ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதலும்தான் அது நடைமுறைக்கு வந்தது. நடுவில் உள்ள இணைப்புகளுக்கும் உச்ச அளவு வைக்கப்படுகிறது. ஸோஹோ புக்ஸ் ஒரு நிறுவனக் கணக்குக்கு நிமிடத்துக்கு 100 கோரிக்கை என்று தன் ஆவணத்திலேயே சொல்லிவிடுகிறது. இப்படி வெளிப்படையாக எழுதி வைப்பது பாராட்டத்தக்கது. வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிளவுடுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பொருளியல் வாதம், பலர் ஒரே சர்வரைப் பகிரும்போது ஒருவருக்கு வேலை மிகும் நேரத்தில் இன்னொருவருக்குக் குறைவாக இருக்கும், ஆகவே மொத்தச் சுமை சமனாகும் என்பது. இந்திய வணிகக் கணக்கில் இது அவ்வளவாகப் பொருந்தாது. மாதந்தோறும் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. போடிக்காரரும் ஈரோட்டுக்காரரும் லூதியானாக்காரரும் அதே நாளில், அதே பிற்பகலில், அதே அறிக்கையை எடுக்கிறார்கள். பகிர்ந்த சர்வரில் அக்கம்பக்கத்தாரின் உச்சமும் தன்னுடைய உச்சமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

தொலைவின் பங்கு இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. தேனியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,100 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளி போய்வர 11 மில்லிவிநாடி போதும், நடைமுறையில் சில மடங்கு கூடும். ஒரு திரை திறக்க ஒன்றன்பின் ஒன்றாக 40 முறை சர்வரைக் கேட்கும்படி எழுதப்பட்ட மென்பொருளில்தான் இது விநாடிக் கணக்கில் உறைக்கும். இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற அறிவுரையால் அங்கே பயன் இல்லை.

பள்ளத்தாக்கின் மற்ற தொழில்கள்

ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலையில் நூற்றுக்கணக்கானோர் மூன்று ஷிப்டாக வேலை செய்தாலும் பதிவுகள் நாள் முழுவதும் சீராக வருகின்றன. பஞ்சு வரவும் நூல் செலவும் முன்கூட்டித் தெரிந்தவை. கிளவுட் ஈ.ஆர்.பி. மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிறுவனம் ஏறத்தாழ இதுதான். இங்கே அது நன்றாகவே உழைக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை வாங்கி விற்பவருக்கு நிலைமை வேறு. வரி விலக்குள்ள பழம் என்பதால் இ-இன்வாய்ஸ் தொல்லை இல்லை. ஆனால் எடை போடுவது விடியற்காலைத் தோட்டத்தில். அங்கே கைப்பேசியில் சிக்னல் விட்டால் கிளவுடும் இல்லை. இணைப்பில்லாமல் எழுதிக்கொண்டு பிறகு சேர்க்கும் வசதி அவருக்கு எந்தச் சர்வரின் வேகத்தையும்விட முக்கியம்.

மென்பொருள் முட்டி நிற்கும்போது கடைகள் என்ன செய்கின்றன என்பதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பயன்படுத்துவார்கள். லாட்வாரிப் பதிவை நிறுத்திவிட்டு நாள் முடிவில் மொத்தமாக ஒரு வரி போடுவார்கள். சலிப்புக் கணக்கு மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கும் எக்செலுக்கும் போகும். திரை வேகமாகிவிடும், எந்தத் தோட்டத்துச் சரக்கு எந்த ஏற்றுமதியில் போனது என்ற தடம் அழிந்துவிடும். பூச்சிமருந்து எச்சம் பற்றி வாங்குபவர் கேள்வி எழுப்பும் நாளில் மென்பொருளில் பதில் இருக்காது.

பழையபடி கடைக்குள் ஒரு கணினியில் கணக்கு வைத்துக்கொள்வது இதற்கு மாற்று என்று சொல்ல முடியாது. வட்டு கெட்டால் எல்லாம் போகும், மின்தடையும் உண்டு. தேவைப்படுவது வாங்கும் முன் செய்யும் சோதனை. விற்பவர் காட்டும் மாதிரித் தரவில் பத்துப் பொருளும் இருபது பில்லும் இருக்கும்; அதில் எந்த மென்பொருளும் பறக்கும். சீசன் உச்சத்தின் ஒரு வாரத்துப் பதிவை அப்படியே ஏற்றி, ஐந்து நாள் பின்தேதியிட்டு ஒரு வாடகைச் சீட்டைப் போட்டு, அந்த நேரத்திலேயே இன்னொருவரை பில் போடச் சொல்லிப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். இதற்கு மறுக்கும் விற்பனையாளரும் ஒரு தகவலைத் தந்துவிடுகிறார்.

ஒப்பந்தத்தில் பலர் படிக்காத பகுதி வெளியேறும் விதி. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் எட்டு நிதியாண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் மென்பொருள் அழிக்காமல் காக்க வேண்டும். தரவு பெருகிக்கொண்டே போகும், குறைக்கவும் முடியாது. வேகம் போதாமல் வேறு மென்பொருளுக்கு மாறும் கடை இறுதி இருப்பை மட்டும் எடுத்துச் சென்றால், பழைய லாட் வரலாறும் திருத்தத் தடமும் வாடகை நின்றுபோன சர்வரில் தங்கிவிடுகின்றன. அவற்றை எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் பெற வேண்டும்.