குழாய் வைத்த பிறகு

மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்பதுதான். அது எப்போதும் உள்ளே இருப்பதே. வளர்ந்த ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிச் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுரப்பதோ 500 மில்லி. பழையது வடிய வடியப் புதியது வந்து சேர்கிறது. வடிகால் அடைபட்டாலும் சுரப்பு நிற்பதில்லை. மூளையறைகள் உப்பி, மூளையை மண்டையோட்டோடு வைத்து நெருக்குகின்றன. அதற்குக் கண்ட வழிதான் ஷன்ட்: மூளையறையில் தொடங்கி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, கழுத்தையும் மார்பையும் கடந்து வயிற்றுக்குள் முடியும் சிலிக்கோன் குழாய். இடையில் ஒரு வால்வு.

இந்தக் குழாயை நான் எடைபோட நினைப்பது மும்பையில் அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பான அணுசக்தி நகரை வைத்து. காரணம் காசநோய். மேலைநாட்டுப் பாடநூல்களில் மூளையில் நீர் கோப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிறவிக் குறை, மூளைக்குள் ரத்தக்கசிவு, கட்டி என்றே வரும். நம் ஊரில் டிபி மூளைக்காய்ச்சல் ஒரு பெரிய காரணம். மூளையின் அடிப்பகுதியில் பசைபோல் படியும் கசிவு நீரோட்டத்தை மறிக்கிறது. குடியிருப்பின் மதிலைத் தாண்டினால் மான்குர்த், கோவண்டி, சீட்டா கேம்ப். மும்பையில் காசநோய் அழுத்தமாக ஊன்றியிருக்கும் பகுதிகள். சீட்டா கேம்ப் தமிழர்களில் பலரின் குடும்பங்கள் முன்பு பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில் இருந்தவை. குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் முன்னின்று போராடியும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காலனி இடிக்கப்பட்டு மக்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். மதிலுக்கு இருபுறமும் நம் ஆட்கள்தான்.

முதலில் ஷன்ட்டின் பக்கம் நின்று பேசுவோம். இந்தத் துறையில் உலகமே எடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வு வேலூரிலிருந்து வந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் டிபி மூளைக்காய்ச்சலால் நீர் கோத்து ஷன்ட் வைக்கப்பட்ட 114 பேரைப் பின்தொடர்ந்து 1991இல் வெளியிட்டார்கள். நோயாளிகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நினைவு தெளிவாக, தலைவலியும் வாந்தியுமாக வந்த முதல் நிலையினரில் இறந்தவர்கள் 20 சதவீதம். ஆழ்மயக்கத்தில் வந்த நான்காம் நிலையினரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சீக்கிரம் குழாய் வைத்தால் பிழைக்கலாம் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே எண்ணை, முற்றிய நோயாளிக்குக் கையை விரிக்கும் அனுமதியாகவும் படிக்க முடியும். 2009இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஷன்ட் வைத்த நான்காம் நிலை நோயாளிகள் 95 பேரின் கணக்கை வெளியிட்டபோது, அவர்களில் ஒரு பகுதியினர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தது தெரிந்தது. நிலை எண்ணைப் பார்த்து யாரையும் கைவிட வேண்டியதில்லை.

ஷன்ட்டின் விலை அதிகம் என்ற வாதமும் பாதிதான் உண்மை. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டை, விலை அதிகமான அமெரிக்க ஷன்ட்டோடு உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். அப்போது சாப்ராவின் விலை 35 டாலர், மற்றதன் விலை 650 டாலர். ஓராண்டு முடிவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. குழாய் மலிவாகிவிட்டது. செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் ஷன்ட் பழுதாகும். 1998இல் வெளியான வட அமெரிக்க, ஐரோப்பியச் சோதனை ஒன்றில் மூன்று வகை வால்வுகளை ஒப்பிட்டார்கள். எந்த வகையானாலும் ஏறத்தாழ 40 சதவீதக் குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே பழுதானது. டிபி நோயாளியின் நீரில் புரதம் மிகுதி. அடைப்புக்கு அதுவும் வழிசெய்யும். கிருமித் தொற்று வேறு. மருந்து ஊட்டிய குழாய் தொற்றை 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2019இல் வெளியான பெரிய சோதனை சொல்கிறது. அந்தக் குழாயின் விலையோ அதிகம்.

அடைப்பைவிடக் கொடியது, அதைக் கண்டுபிடிப்பதில் வரும் குழப்பம். குழாய் அடைத்தால் தலைவலி, வாந்தி, தூக்கச் சோர்வு. டிபி மாத்திரைக்கும் வாந்தி வரும். மூளைக்காய்ச்சல் திரும்பினாலும் வாந்தி வரும். "மாத்திரை ஒத்துக்கல" என்று தாய் இரண்டு நாள் பொறுப்பாள். அந்த இரண்டு நாளில் பார்வையே போய்விடலாம். அவளைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். இந்த அறிகுறிகளை எழுதிக் கொடுக்காதவர்களைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு முரண் உண்டு. ஷன்ட் ஓடுகிறதா என்று பார்க்க, வால்வை ஒட்டிய சிறு குமிழில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த டிடிபிஏ மருந்தைத் துளி ஏற்றி, காமா கேமராவில் அது வயிற்றுக்கு இறங்குவதைப் பார்க்கலாம். அந்த டெக்னீசியத்தின் தாய்த் தனிமமான மாலிப்டினம் ட்ராம்பே அணுஉலையிலும் உண்டாக்கப்படுகிறது. மருந்துப் பொட்டலத்தைத் தருவது வாஷியில் உள்ள அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனம். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் பொருள் நாடு முழுக்கக் கிடைக்கும் ஏற்பாட்டை இந்தத் துறை செய்திருக்கிறது. மதிலுக்கு உள்ளே ஊழியர் குடும்பங்களுக்கு மருத்துவத் திட்டமும் மருத்துவமனையும் உண்டு. ஒரே கோப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். வெளியே இருப்பவர் சயானிலோ பரேலிலோ உள்ள மாநகராட்சி மருத்துவமனைக்குப் போய் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்கிறார். இரு வீட்டுக் குழந்தைக்கும் வைப்பது ஒரே சாப்ரா குழாயாக இருக்கலாம். பிழைப்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பு.

ஆகவே என் தீர்ப்பு: அறுவைச் சிகிச்சை என்ற அளவில் ஷன்ட்டில் பெரிய குறை சொல்ல முடியாது. ஒரு நாளில் முடியும் காரியமாக அதை நடத்துவதுதான் தவறு. குழாய் வைத்தவர்களுக்கு, வீட்டில் பேசும் மொழியிலேயே அபாய அறிகுறிகளை அச்சிட்ட அட்டை ஒன்றை மாநகராட்சி மருத்துவமனைகள் தரலாம், பெரிய செலவில்லை.

உங்கள் வீட்டில் ஷன்ட் வைத்த குழந்தை இருந்தால் ஒன்று செய்யுங்கள். குழந்தை நன்றாக இருந்தபோது எடுத்த சிடி ஸ்கேன் படத்தையும், வால்வின் பெயர், வைத்த தேதி எழுதிய தாளையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலி போனாலும் அது உடன் இருக்கட்டும். திடீரென வாந்தி வந்தால், அங்குள்ள மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கேட்கப்போவது அந்தப் பழைய படத்தைத்தான்.