ஆஃப்சைட்: சிப்பாய் நின்ற இடத்தில் கேமரா

போன வாரம் கோப்பிக்கடையில் நண்பன் கேட்டான்: "நாம ஒண்ணும் தப்பு பண்ணலைன்னா போலீஸ் கேமராவுக்கு ஏன்டா பயப்படணும்?" எங்கள் புளோக் கீழேயும் கேமரா இருக்கிறது. சைக்கிள் திருடன் பிடிபட்டால் எனக்கும் சந்தோஷம்தான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து ஜாஃபர் பனாஹியின் 'ஆஃப்சைட்' (2006) படத்தை மறுபடி பார்த்தேன்.

ஈரானியர்களுக்குப் பஹ்ரைனோடு ஆடுவது சாதாரண ஆட்டம் இல்லை. 2001-இல் பஹ்ரைன் 3-1 என்று வென்று, ஈரான் உலகக் கிண்ணத்துக்கு நேரடியாகப் போகும் வழியை அடைத்தது. 2005 ஜூன் 8, தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் அந்தக் கணக்கைத் தீர்க்கும் நாள். படத்தின் காட்சிகள் பலவும் அன்றைக்கு அங்கேயே எடுக்கப்பட்டவை. ஆனால் நமக்கு ஆட்டம் தெரிவதே இல்லை, கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்கிறது. ஆண் வேடமிட்டு நுழையப் பார்த்துப் பிடிபட்ட பெண்கள் அரங்குக்கு வெளியே கம்பித் தடுப்புக்குள் நிற்கிறார்கள். ஆசாதி என்றால் சுதந்திரம்.

படத்தின் உயிர், காவலுக்கு நிற்கும் சிப்பாய்களிடம் இருக்கிறது. கிராமத்துப் பையன்கள், கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்கள். பெண்கள் அவர்களிடம் வாதாடுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், வாயை அடைக்கிறார்கள். ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்து ஆட்டத்தை வர்ணனை செய்கிறான். ஒருத்தியைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அங்கே ஆண்கள் மட்டும்தான். ஒரு வீரரின் படத்தை முகமூடியாக்கி, கண்ணுக்கு ஓட்டை போட்டு அவள் முகத்தில் மாட்டுகிறார்கள். அவள் தப்பித்துவிடுகிறாள், பிறகு தானாகவே திரும்பி வருகிறாள். தன்னால் அந்தச் சிப்பாய் மாட்டிக்கொள்வானே என்ற இரக்கம்.

இந்த இடத்தில்தான் நண்பனுக்கான பதில் கிடைத்தது. அந்தப் பெண்கள் செய்த தப்பு ஆட்டம் பார்க்க வந்தது, அவ்வளவுதான். எது தப்பு என்று முடிவு செய்வது நாம் இல்லை, கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள். 2023 ஏப்ரலில் ஈரான் போலீஸ் ஓர் அறிவிப்பு விட்டது: தெருக்களிலும் பொது இடங்களிலும் முக்காடு போடாத பெண்களைக் கேமரா வைத்து அடையாளம் காண்போம், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புவோம். சிப்பாயோடு சண்டை போடலாம், கம்பத்தோடு என்ன பேசுவது? அந்த முகமூடிக் காட்சியை முதல்முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது.

படத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஈரான் 1-0 என வெல்கிறது. பெண்களை ஏற்றிப்போகும் வண்டி, கொண்டாடும் கூட்டத்தில் சிக்க, கைதிகளும் சிப்பாய்களும் ஒன்றாகத் தெருவில் கரைந்துபோகிறார்கள். அழகான முடிவு. ஆனால் பகை அணியை வென்ற மகிழ்ச்சி, பூட்டைத் திறந்துவிடும் என்று பனாஹி கொஞ்சம் சுலபமாக நம்பிவிட்டாரோ? சாஹர் கோதாயாரி என்ற ரசிகை, அரங்குக்குள் நுழைய முயன்ற வழக்கில் சிறைக்குப் பயந்து தீக்குளித்து, 2019 செப்டம்பரில் இறந்தாள். அடுத்த மாதம்தான் கம்போடியாவுடனான ஆட்டத்துக்குப் பெண்களைச் சீட்டு வாங்கி உள்ளே வர விட்டார்கள். 2022 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவிடம் ஈரான் தோற்றபோது, ஈரானியர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தோல்வியைத் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். மாஹ்சா அமினி இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 'ஆஃப்சைட்' முடிந்த அதே தெரு. இந்த முறை கொடியும் மக்களும் ஒரே பக்கம் இல்லை.

இருந்தாலும் இந்தப் படத்தைப் பாருங்கள். திரும்பி வரும் அந்தப் பெண்ணுக்காகவாவது. காவல் காப்பவனுக்கு ஒரு முகம் இருந்ததால்தான் அவள் திரும்பி வந்தாள்.